காஜா மட்டும்தான் பாக்கி

செங்காட்டுப்புதூரில் மங்கையர்க்கரசி தானே தைத்த முதல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை, சோறு வடித்து இறக்குவதற்குள் அவளுடைய இடது கை நாலு விரற்கடை நீண்டுவிட்டது. அதைப் பார்த்த அவள் கணவர் சிதம்பரநாதன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நல்லதாப் போச்சு, அப்படியே பரண்ல கெடக்க ஊறுகா ஜாடிய எடுத்துரு" என்றார். அவளும் எடுத்துக் கொடுத்தாள். சாப்பிட்டார்கள்.

ஜாக்கெட்டின் இடது கையை அவள் வலது கையைவிட நாலு விரற்கடை நீளமாக வெட்டியிருந்தாள். துணி உடம்புக்குப் பொருந்தவில்லை, அதனால் உடம்பு துணிக்குப் பொருந்திக்கொண்டது. இதற்கு மேல் காரணம் கேட்டு வந்தவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் வந்து அந்தக் கையை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்து, காபி குடித்து, "தோல் விரியும் தன்மை உடையது" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வீட்டுச் சொர்ணக்கிளிக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்த முருங்கைக்காய்களைக் காட்டி, "மைனி, சாம்பாருக்கு நாலு பறிச்சுக் குடுத்துருங்க" என்றாள். அன்றைக்குத் தெருவில் முக்கால்வாசி வீட்டில் முருங்கைக்காய் சாம்பார்.

மங்கை என்று ஊர் கூப்பிடும் இவள் நீளக் கைக்கு ஆசைப்பட்டுத் தையலுக்கு உட்காரவில்லை. பக்கத்து டவுனில் மருந்துக் கடையொன்றில் அவளுக்கு வேலை. தினமும் காலையில் மினி பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போக வேண்டும். நிற்கிறவர்கள் பிடித்துக்கொள்ள மேலே கம்பி ஓடுகிறது, ஆனால் கையைத் தூக்கினால் ஜாக்கெட் மேலே ஏறும், இன்னும் கொஞ்சம் தூக்கினால் கம்முக்கூட்டில், அதாவது அக்குளில், தையல் டர்ரென்று விடும், ஆகவே அவள் கல்யாணமாகி வந்த நாள் முதல் கம்பியைத் தொட்டதில்லை. சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், குளத்து வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் யார் மடியிலாவது போய் உட்காருவாள், எழுந்து மன்னிப்புக் கேட்பாள், கேட்டு முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஆண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் போனும் பார்த்துக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது அவளுக்கு வயிறெரியும். அவள் கேட்டதெல்லாம் கையைத் தூக்கவிடும் ஒரு ஜாக்கெட், அது ஒன்றுதான்.

அந்த ஒன்று கிடைக்காததற்குக் காரணம் 'நியூ லண்டன் டெய்லர்ஸ்' தங்கப்பழம் என்பாள் மங்கை. ஊர்ப் பெண்கள் எல்லாருமே காரணம் என்பார் தங்கப்பழம். இரண்டும் சரிதான். அந்த ஊரில் எந்தப் பெண்ணும் டேப்பைத் தன் உடம்பில் படவிட மாட்டாள். அளவு ஜாக்கெட்தான் கொடுப்பாள். அதுவும் எந்த ஜாக்கெட்? கல்யாணத்துக்குத் தைத்தது, இருபது வயசில் போட்டது, இப்போது ஒரு கைகூட நுழையாதது. அதை மடிப்புக் கலையாமல் நீட்டி, "இதே அளவுதான் அண்ணாச்சி, கையில மட்டும் ஒரு இஞ்ச் விடுங்க, இடுப்புல ரெண்டு இஞ்ச் விடுங்க, நெஞ்சுல கொஞ்சம் லூசா, முதுகு எறக்கம் பழைய மாதிரி வேண்டாம், ஆனா இதே அளவு" என்பார்கள். கொடுத்த ஜாக்கெட்டுக்கும் கேட்ட ஜாக்கெட்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு இடத்தைக் குத்துமதிப்பாகப் பிடித்துத் தங்கப்பழம் கத்தரி வைப்பார். கம்முக்கூடு பிடிக்காமல் என்ன செய்யும்?

போகட்டும், தைத்தாவது கொடுத்தாரா என்றால், போகும்போதெல்லாம் தலையைத் தூக்காமல் ஒரே பதில்தான் சொல்லுவார்: "காஜா மட்டும்தான் பாக்கி. நாளைக்கு வாங்க." பொத்தான் துளைக்கு நூல் கட்டுகிற அந்தக் கடைசிச் சின்ன வேலைதான் காஜா. கொழுந்தன் கல்யாணத்துக்கு என்று மங்கை கொடுத்த துணிக்கு, கொழுந்தனுக்குப் பிள்ளை பிறந்த பிறகும் காஜா மட்டும்தான் பாக்கி இருந்தது. ஒருநாள் அவள் பொறுமையிழந்து மேசைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். அவள் துணி, அவள் கட்டிக்கொடுத்த அதே முடிச்சோடு, கத்தரியின் நிழல்கூடப் படாமல் இருந்தது. அளவு ஜாக்கெட்டைத் திருப்பிக் கேட்டாள். ஊர்ப் பெண்களின் இளமையெல்லாம் மூட்டை மூட்டையாகக் கிடந்த அந்தக் கடையில் அவளுடையது அகப்படவில்லை. "சரி, நானே தச்சுக்கிடுதேன்" என்று துணியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பஜாரே சிரித்தது.

நாத்தனார் வீட்டில் மிக்சி வைக்கிற மேசையாக இருந்த தையல் மிஷினை ஆட்டோவில் ஏற்றி வந்து, போனில் வீடியோ பார்த்து அவள் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். புதிதாகத் தைக்கிறவர்கள் செய்கிற எல்லாத் தப்பையும் ஒன்றுவிடாமல் செய்தாள். நூலை முன்னாலிருந்து கோக்க வேண்டிய ஊசியில் பின்னாலிருந்து கோத்தாள், பாபினில் நூலைச் சிக்கவிட்டுத் துணியின் பின்பக்கம் குருவிக்கூடு கட்டினாள், நனைத்துக் காயப்போடாத துணியை வெட்டினாள், இரண்டு கையையும் இரண்டு நீளத்தில் வெட்டினாள், மிதித்தால் முன்னால் போக வேண்டிய மிஷின் அவள் மிதித்தால் பின்னால் வந்தது. அப்படித்தான் அந்த முதல் ஜாக்கெட் பிறந்தது. அதிலும் கம்முக்கூடு பிடித்தது. அவள் தைத்த துணியிடம் உடம்பு நீள அகலத்தில் விட்டுக்கொடுத்ததே தவிர, அசைவில் விட்டுக்கொடுக்கவில்லை. நீண்ட கையும் தோளுக்கு மேலே ஏறாமல்தான் நின்றது.

இந்த மாதிரி ஊரில் ஒன்று நடந்தால் முதலில் பயன்படுத்திக்கொள்வது யார்? அடுத்த வீடுதான். சொர்ணக்கிளியின் மகன் இசக்கிராஜா போலீஸ் தேர்வுக்கு ஓடி ஓடித் தேய்ந்திருந்தான், உயரம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. மங்கை அவனுக்கு ஒரு பேன்ட் தைத்தாள். டேப்பைத் தலைகீழாகப் பிடித்து அளந்திருந்தாள். மறுநாள் அவன் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு கல்லூரிக்குப் போனான், அவன் அம்மா அந்த நிலைக்குக் குங்குமம் வைத்தாள். மார்பளவும் போதாது என்று பிறகு தெரிந்ததும் சட்டைக்குத் துணி வந்தது. அதுவும் மங்கை புண்ணியத்தில் பெருந்தப்பாக அமைந்தது, பையன் தேறிவிட்டான்.

அப்புறம் கேட்க வேண்டுமா. கல்யாணத் தரகர்கள் வந்தார்கள், பெண்ணைப் பெற்றவர்கள் வந்தார்கள், இடுப்புச் சிறுத்துவிடும் என்று நம்பிப் பாவாடையும், கழுத்து நீளும் என்று நம்பிக் காலரும் கேட்டு வந்தார்கள், கேட்டது கிடைக்காமல் வேறெதுவோ கிடைத்தவர்களும் அதைச் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போகிற வீட்டில், "சொந்த உயரமா, தச்ச உயரமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படவில்லை. துணி நைந்து போனால் உடம்பு மெல்ல மெல்லப் பழையபடி ஆகிவிடும் என்பது தெரிந்ததும் துணியைத் துவைப்பது அருகிவிட்டது. பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள், அழகாய்ப் போனார்கள்.

பேரூராட்சித் தலைவர் வைரமாணிக்கம் போஸ்டரில் மட்டும் அகலமானவர். ஆளையும் அதற்கேற்ப ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று வெள்ளைச் சட்டைத் துணி கொடுத்தனுப்பினார். தோளுக்கு எடுத்த அளவை மங்கை மறதியாக முதுகிலும் ஒருமுறை கூட்டிவிட்டாள். சட்டையைப் போட்டவர் அலுவலக வாசலில் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது. வாசலை இடித்துப் பெரிதாக்க அவசரக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள், திறப்பு விழாவும் நடந்தது. ஒரே ஒரு குறை, துணி நனைத்து வெட்டாதது. முதல் துவைப்பில் சட்டை சுருங்கி, தலைவரும் கூடவே சுருங்கினார். அடுத்த சட்டைக்கு உடனே துணி வந்தது.

இத்தனைக்கும் நடுவில் மங்கை ஒன்றை மறக்கவில்லை. ஊர் வேலையெல்லாம் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் தனக்கு ஒரு ஜாக்கெட் வெட்டுவாள், போட்டுப் பார்ப்பாள், கையைத் தூக்குவாள், பிடிக்கும். பிரித்துப் போடுவாள். அடுத்தது வெட்டுவாள். யாரும் எதிர்பாராத ஒன்று அதனால் நடந்தது. அவளுக்குக் கை பழகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை பலசரக்குக் கடை பொன்னுத்துரை கோபமாக வந்து சட்டையை மேசையில் வீசினார்.

"என்னம்மா இது? இது எனக்குச் சரியா இருக்கே!"

"சரியாத்தானே அண்ணாச்சி இருக்கணும்?"

"சரியா இருக்கதுக்கு நான் எதுக்கு ஒங்கிட்ட வாரேன்? அதுக்குத்தான் தங்கப்பழம் இருக்கானே. அவன்கிட்டயே சரியா இருக்காது, பாத்துக்க."

அவள் பயந்து போய், அடுத்த சட்டையை வேண்டுமென்றே பெரிதாக வெட்டிக் கொடுத்தாள். அது பொன்னுத்துரை மேல் தொளதொளவென்று தொங்கியது, ஆள் அப்படியேதான் இருந்தார். தெரிந்து செய்த தப்புக்கு உடம்பு மசியவில்லை. மனசார, சரி என்று நம்பிச் செய்த தப்புக்குத்தான் மசிந்தது. இந்தச் சேதி கோயில் மணிபோல ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தபோது, செங்காட்டுப்புதூர் தன் வரலாற்றில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் கட்சி, தெரு, சாதி பாராமல் ஒன்றுபட்டது. மங்கையர்க்கரசி தையல் கற்றுக்கொண்டுவிடக் கூடாது.

கமிட்டி போட்டார்கள். கேபிள்காரர் மூலமாக அவள் வீட்டு இன்டர்நெட்டை அறுத்தார்கள். டவுன் தையல் வகுப்புக்கு ஆள் அனுப்பி, அவள் வந்தால் இடமில்லை என்று சொல்லச் சொன்னார்கள். தங்கப்பழத்தை அழைத்து, அவளிடம் தையலைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்கள். பெண்கள் முறை வைத்து அவள் வீட்டுக்கு வந்து, அவள் எதைத் தைத்தாலும் பாராட்டினார்கள். கோணல் தையலைப் பார்த்து, "என்ன நேரு மைனி, நூல் பிடிச்ச மாதிரி" என்றார்கள், குருவிக்கூட்டைப் பார்த்து, "பின்பக்கம் பூ வேலை பண்ணிருக்கீங்க" என்றார்கள், அவள் ஏதாவது ஒன்றை உண்மையாகவே நன்றாகத் தைத்துவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இது கொஞ்சம் சுமார்தான்" என்றார்கள். ஒருவரைக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழியை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

"எல்லாஞ் சரி சொர்ணம், கையத் தூக்க முடியலையே. கம்முக்கூடு பிடிக்கே" என்றாள் மங்கை.

"பிடிக்கட்டும். கையத் தூக்கி என்ன செய்யப் போறீங்க? எங்க எல்லாருக்கும் நீங்கதான் கை" என்றாள் சொர்ணக்கிளி.

சிதம்பரநாதனும் அதையே சொன்னார். அவருக்கும் ஒரு சட்டை தைத்திருந்தாள், தொப்பை போயிருந்தது. "ஊரே நம்மளத் தலையில தூக்கி வச்சிருக்கு. ஒரு கம்பியப் பிடிக்கணும்னு அடம் பிடிக்கியே" என்றார். அன்றைக்கு மங்கை மிஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். தெரியாமல் இருந்தால்தான் தன்னை இந்த ஊருக்குப் பிடிக்கும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பாராட்டி முடித்த கையோடு அவர்கள் தன்னைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள் என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது, அவமானம் தீர்ந்த பிறகு கோபம் வந்தது.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஒரு மத்தியானம் தங்கப்பழம் வந்தார். முகம் கழுவிவிட்ட சுவர் மாதிரி இருந்தது. கடைக்கு ஆள் வந்து மாசக்கணக்காகியிருந்தது. மஞ்சள் பை ஒன்றை மிஷின் மேல் வைத்தார்.

"ஒங்க அளவு ஜாக்கெட். கெடச்சிருச்சு."

"இப்பத்தான் கெடச்சுதாக்கும்?"

"நான் ஒண்ணுஞ் சொல்லலம்மா. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன். ஜாக்கெட்டத் திருப்பிக் குடுக்காதன்னு யாரும் சத்தியம் வாங்கல. நீங்க கத்துக்கிட்டா ஊரு எங்கிட்ட திரும்பி வரும், என் சோத்துக்காகத்தான் வந்தேன், ஒங்களுக்காக இல்ல." போகிறவர் திரும்பி நின்று, "பிரிச்சுப் பாக்காதீங்க, ஒங்க கல்யாணத்துக்கு நான் தச்சது, பிரிச்சா மானம் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் உடனே பிரித்தாள். தையல் தையலாக, பிளேடால், நூல் அறுந்து துணி அறுபடாமல் பிரித்துத் தரையில் பரப்பினாள். முன்பக்கம், முதுகு, இரண்டு கை. இத்தனை நாளும் அவள் கையின் மேல் வளைவை முன்னும் பின்னும் ஒரே மாதிரி வெட்டி வந்தாள். இதில் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிட உள்ளே குழிந்திருந்தது. கை முன்னால்தானே போகிறது, முன்னால்தானே துணி மடியும்! இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, இவ்வளவைச் சொல்லாமல் ஒரு ஊரே தன்னைச் சுற்றி நின்றதே என்று சிரிப்பு நின்றது.

வளைவு கிடைத்துவிட்டது, அளவு கிடைக்கவில்லை. பரப்பி வைத்த துண்டுகள் இருபது வயசுப் பெண் ஒருத்தியுடையவை. மங்கை கதவைச் சாத்திக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, டேப்பை எடுத்துத் தன்னைத்தானே சுற்றினாள். நெஞ்சைச் சுற்றி வந்த எண்ணைப் பார்த்ததும் டேப் தப்பு என்றுதான் முதலில் தோன்றியது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி அளந்தாள். பிறகு வெட்கப்பட்டு, இழுத்த மூச்சை விட்டுவிட்டு அளந்தாள். கொஞ்சம் விடவும் இல்லை, கொஞ்சம் கூட்டவும் இல்லை. இருந்தது இருந்தபடி. அப்படித் தன் உடம்பை ஒப்புக்கொண்டதில் தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். பசிதான் வந்தது. சாப்பிட்டுவிட்டு, துணியை நனைத்துக் காயப்போட்டாள்.

அந்த வாரக் கடைசியில் பேரூராட்சி மண்டபத்தில் பொதுக்கூட்டம். தலைவரின் இரண்டாவது சட்டை முழங்கையில் நைந்து, இரண்டு ஆள் அகலம் ஒன்றரை ஆளாகிவிட்டிருந்தது, பெரிதாக்கிய வாசலில் அவர் ஒருபக்கமாகத் தொலைந்து போனவர் போல நுழைந்தார். புதுச் சட்டைத் துணியை முன்வாரமே மங்கை வீட்டில் கொடுத்துவிட்டார், அதில் அவர் மனசு கொஞ்சம் தெம்பாக இருந்தது. மங்கையை முன்வரிசையில் உட்கார வைத்து மாலை போட்டார்கள். தோள்மேல் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம ஊரின் அரும்பெருஞ் செல்வம் மங்கையர்க்கரசி அக்கா," என்று தலைவர் ஆரம்பித்தார், "இன்று போல் என்றும் ஒன்றும் தெரியாமல் நீடூழி வாழ வேண்டும், அதற்கு நாம் எல்லோரும் துணை நிற்க வேண்டும் என்று இந்தப் பேரவை தீர்மானிக்கிறது. ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க."

மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன. அத்தனையும் மங்கை தைத்த துணி. சட்டைகள் தொப்புள் வரை ஏறின, பொத்தான்கள் தெறித்தன, கம்முக்கூடுகள் டர் டர்ரென்று விட்டன, பெண்கள் தூக்கிய கையைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டு முந்தானையை இழுத்துவிட்டார்கள். இசக்கிராஜாவின் கை உத்திரத்தில் இடித்தது.

"எதிர்க்கிறவங்க யாராவது இருக்கீங்களா?" என்று தலைவர் சிரித்துக்கொண்டே கேட்டார். வழக்கத்துக்குக் கேட்பதுதான்.

மங்கை எழுந்தாள். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள், போர்த்தியிருந்த சேலையை விலக்கினாள், இரண்டு கைகளையும் காதுகளுக்குப் பக்கத்தில் நேராக மேலே தூக்கினாள். ஜாக்கெட் ஏறவில்லை. தையல் முனகவில்லை. இடுப்புப் பட்டி இருந்த இடத்தில் இருந்தது. இரண்டு கையும் ஒரே நீளத்தில் இருந்தன. அவள் அப்படியே நின்றாள், கீழே இறக்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஆண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பெண்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். சொர்ணக்கிளிதான் முதலில் அலறினாள்.

"ஐயையோ, மைனி! கம்முக்கூடு சரியா உக்காந்துருக்கே!"

கொலையைக் கண்ட குரல் அது. யார் சொல்லிக் கொடுத்தது என்று மண்டபம் கொந்தளித்தது. தங்கப்பழம் சத்தியத்தின் மேல் சத்தியம் செய்தார். சிதம்பரநாதன் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மங்கை எல்லாரையும் பார்த்து, "நான் தச்சுத் தாரேன், யாருக்கும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். டேப்பு வச்சு அளக்கணும், மூச்ச விட்டுட்டு நிக்கணும். சம்மதம்னா வாங்க" என்றாள். இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு வாழச் சொன்னால் எந்த ஊர்தான் உடனே சம்மதிக்கும்? தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாகவே எழுதிக்கொண்டு கலைந்தார்கள்.

திங்கட்கிழமை காலை மினி பஸ்ஸில் வழக்கம்போலக் கூட்டம். மங்கை ஏறினாள், கையைத் தூக்கினாள், மேலே ஓடுகிற கம்பியைப் பிடித்தாள். கம்பி பிசுபிசுவென்று இருந்தது. இத்தனை வருஷம் இதற்கா ஏங்கினோம் என்று தோன்றியது. ஆனாலும் விடவில்லை, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் தலைவர் ஓடி வந்தார். தோள் அதற்குள் எவ்வளவோ ஒடுங்கியிருந்ததால் ஜன்னலுக்குள் தலையையும் தோளையும் சுலபமாக விட முடிந்தது.

"அக்கா, வெள்ளிக்கிழமை மேடை இருக்கு. மேலிடத்துல இருந்து ஆள் வாராங்க" என்றார் மூச்சு வாங்க. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் சட்டைத் துணி… அது நீங்க கத்துக்கிடுததுக்கு முன்னாலயே வெட்டினதுதானே? அப்ப அதுல தப்பு இருக்கும்லா? எந்த அளவுல நிக்கு அக்கா?"

தலைவரின் துணி அவர் ஆள் கட்டிக்கொடுத்த அதே முடிச்சோடு, கத்தரி படாமல், மங்கையின் மிஷினுக்கு அடியில் கிடந்தது. மங்கை கம்பியை விடாமல் அவரைக் குனிந்து பார்த்தாள். டிரைவர் கியர் போட்டார், பஸ் குலுங்கியது, நிற்கிறவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள், அவள் மட்டும் சாயவில்லை.

"காஜா மட்டும்தான் பாக்கி," என்றாள். "நாளைக்கு வாங்க."